பிராசஸரின் வளைந்த பின்னை எவ்வளவு நிமிர்த்தினால் போதும்?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. அப்பா ஒரு காலத்தில் நடத்திய டைப்பிங் சென்டரின் கணினியில் இருந்த 486 டிஎக்ஸ்2-66 பிராசஸர் வீட்டுப் பரணில் கிடைத்திருக்கிறது. அடியில் மெல்லிய கம்பிகளாக நிற்கும் பின்களில் ஒரு மூலையில் சில சாய்ந்திருக்கின்றன, ஒன்று முழுவதுமாகப் படுத்துவிட்டது. இன்னொரு கணினியில் பென்டியம் 4. பிராசஸரின் சூட்டை இழுக்கும் உலோகக் கட்டியான ஹீட்சிங்கைக் கழற்ற இழுத்தபோது பிராசஸரும், அது போர்டில் உட்காரும் சாக்கெட்டை விட்டுப் பிய்த்துக்கொண்டு வந்து, ஓர் ஓரத்து வரிசை கோணலாகிவிட்டது. கடையில் காட்டினால் "தங்கத்துக்காக எடைக்கு எடுப்பார்கள், போட்டுவிடு" என்கிறார்களாம். சூடு காட்டி நிமிர்த்த வேண்டும் என்று வேறொருவர் சொல்லியிருக்கிறார். நிமிர்த்த முடியுமா, எதை வைத்து நிமிர்த்துவது, உடைந்தால் என்ன செய்வது என்பது கேள்வி.

முடியும், தம்பி. இரண்டையுமே காப்பாற்றலாம். சூடு மட்டும் வேண்டாம், காரணத்தைக் கீழே சொல்கிறேன். வளைந்தபோதே உடைந்துபோன பின்னை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். நிமிர்த்தப் போய் உடைத்த பின்கள்தான் என் மேசைக்கு வந்திருக்கின்றன. அவற்றிலும் முதல் தள்ளலில் போனவை குறைவு. முக்கால்வாசி நேராக வந்த பிறகு, "இன்னும் ஒரு மயிரிழை இந்தப் பக்கம்" என்று தள்ளி, அது அதிகமாகிவிட்டது என்று மறுபக்கம் தள்ளி, மறுபடி இந்தப் பக்கம் தள்ளி உடைத்தவையே அதிகம். ஆகவே கருவியைத் தேடுவதற்கு முன்பு எங்கே நிறுத்துவது என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். பின்களை இறுக்கவும் விடவும் செய்யும் பக்கத்துக் கைப்பிடியான லீவரைத் தூக்கிய சாக்கெட்டில் பிராசஸர் தன் சொந்த எடையிலேயே இறங்கி உட்கார்ந்துவிட்டால் வேலை முடிந்தது. அழகுக்காக அதற்கு மேல் ஒரு பின்னைக்கூடத் தொடாதீர்கள்.

முதலில் 486-ஐத் திருப்பி வைத்துப் பாருங்கள். 17-க்கு 17 கட்டம், நடுவில் 11-க்கு 11 காலி, சுற்றிலும் மூன்று வரிசை. கணக்குப் போட்டால் 168 வரும். 486-க்கு முன்பு 1985-இல் வந்த 386-இலும் இதே அமைப்புதான், 14-க்கு 14 கட்டத்தில் 132 பின்கள். அடுத்தடுத்த பின்களின் மையங்களுக்கு இடையே 2.54 மி.மீ., அதாவது அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. பின்னின் தடிமன் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, சுமார் 0.46 மி.மீ. நீளம் ஏறக்குறைய 3 மி.மீ. மேலே தங்க முலாம், அதன் அடியில் நிக்கல், உள்ளே இருப்பது கோவார் என்னும் கலப்புலோகம். இரும்போடு 29 சதவீதம் நிக்கலும் 17 சதவீதம் கோபால்டும் சேர்ந்தது. பீங்கானும் கோவாரும் சூட்டில் கிட்டத்தட்ட ஒரே அளவில் விரிந்து சுருங்குவதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தார்கள். இல்லாவிட்டால் கணினியை ஏற்றி அணைக்கும் ஒவ்வொரு தடவையும் பின்னின் வேர் பீங்கானிலிருந்து பிரியப் பார்க்கும். அந்த வேரைப் பிடித்திருப்பது வெள்ளியும் செம்பும் கலந்த பற்று. அது உருகுவதே 780 டிகிரி செல்சியசில். அந்தச் சூட்டில் பற்றவைக்கும்போது கம்பியின் விறைப்பும் தளர்ந்துவிடுகிறது. உங்கள் பிராசஸரின் பின் இவ்வளவு எளிதாகச் சாய்ந்ததற்கும், இன்னும் உடையாமல் இருப்பதற்கும் அந்தத் தளர்வே காரணம்.

தளர்ந்த உலோகத்தை வளைத்தால் வளைந்த இடம் மட்டும் இறுகும். நிமிர்த்தினால் இன்னும் இறுகும். கட்டடத்தில் கம்பி கட்டுபவர் கட்டுக்கம்பியை வெட்டாமல் இப்படியும் அப்படியும் ஆட்டியே துண்டாக்குவார் அல்லவா, அதேதான் இங்கேயும் நடக்கிறது. ஒரு தடவை வளைந்து ஒரு தடவை நிமிர்ந்த பின் நன்றாகவே உழைக்கும். இரண்டாவது சுற்றை அநேகமாகத் தாங்கும். அதற்கு மேல் நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

சூட்டுக்கு வருகிறேன். லைட்டர், ஹேர் டிரையர், சால்டரிங் அயர்ன் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இறுகிய கோவாரை மறுபடி இளக வைக்க 800 டிகிரிக்கு மேல் வேண்டும். உள்ளே இருக்கும் சில்லு அதற்கு வெகு முன்பே செத்துவிடும். நூறு டிகிரி சூடு பின்னுக்கு ஒன்றுமே செய்யாது. ஆகவே 486-க்குச் சூடு வீண் வேலை. பென்டியம் 4-க்கோ அது கெடுதலே செய்யும். அதன் அடிப்பாகம் பீங்கான் அல்ல, மதர்போர்டு போன்ற பச்சை நிறப் பல அடுக்கு அட்டை. ஒவ்வொரு பின்னுக்கும் ஆணித்தலை போல ஒரு தட்டையான தலை உண்டு. அதை அட்டையில் ஈயம் போன்ற சால்டர் வைத்துப் பிடித்திருக்கிறார்கள். அந்தச் சால்டர் 200 டிகிரியைத் தாண்டியதும் தளரத் தொடங்கும் வகை. லைட்டரின் நாக்கு ஒரு நொடி தங்கினால் நிமிர்த்த வேண்டிய பின் தனியாகக் கையோடு வந்துவிடும்.

இரண்டு பிராசஸருக்கும் வைத்தியம் சற்று வேறு என்பதால் பென்டியம் 4-இன் அளவுகளையும் சொல்லிவிடுகிறேன். அது உட்காரும் 478 சாக்கெட் வந்தது 2001-இல். 26-க்கு 26 கட்டம், நடுவில் 14-க்கு 14 காலி, ஒரு மூலையில் திசை தெரிய இரண்டு பின்கள் கிடையாது. மீதி 478. இடைவெளி 1.27 மி.மீ., உங்கள் 486-இல் பாதி. பின்னின் தடிமன் சுமார் 0.3 மி.மீ., நீளம் 2 மி.மீ. சொச்சம். குட்டையான பின் என்பதால் வளைவு பெரும்பாலும் வேரிலேயே விழும். பிடி கிடைக்காது, வேரும் சால்டரில் நிற்கிறது. பார்வைக்கு லேசான சாய்வுதான் என்றாலும் இரண்டில் இதுதான் சிரமமான வேலை. 486-இல் கையைப் பழக்கிக்கொண்டு பிறகு இதற்கு வாருங்கள்.

சாமான்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு வரை போக வேண்டியதில்லை. எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் புதிய ஊசி போதும். சிரிஞ்சு வேண்டாம், முனை ஊசியை மட்டும் கேளுங்கள். அடிக்குப்பியின் நிறமே அளவைச் சொல்லும், உலகம் முழுக்க ஒரே நிறம்தான். மஞ்சள் 20 நம்பர், உள்துளை சுமார் 0.6 மி.மீ. பச்சை 21 நம்பர், 0.51. கறுப்பு 22 நம்பர், 0.41. 486-க்குப் பச்சை கச்சிதம், வளைவு அதிகமென்றால் மஞ்சள். பென்டியம் 4-க்குக் கறுப்பு. ஊசியின் சாய்வு முனையை எண்ணெய்க் கல்லிலோ பீங்கான் கோப்பையின் பளபளப்பில்லாத அடி வளையத்திலோ தேய்த்து மட்டமாக்க வேண்டும். தேய்க்கும்போது துளையின் வாய் பிசிறு விழுந்து அடைபடும். ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டுச் சுழற்றிப் பிசிறை எடுங்கள். அந்தப் பிசிறோடு பின்னில் ஏற்றினால் தங்க முலாம் சுரண்டிப் போகும்.

மருந்துக் கடையில் ஊசி கேட்கக் கூச்சமாக இருந்தால் மெக்கானிக்கல் பென்சில் இருக்கிறது. 0.5 மி.மீ. வகை, முனை உலோகமாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் முனை பின்னோடு சேர்ந்து தானும் வளையும். உள்ளிருக்கும் லெட்டை முழுக்க எடுத்துவிட்டு முனையை நன்றாக ஊதுங்கள். அதன் கரி மின்சாரம் கடத்தும், பின்களுக்கு நடுவில் உதிர்ந்து கிடப்பது நல்லதல்ல. 486-க்கு இந்தப் பென்சில் ஊசிக்குச் சமமாகவே வேலை செய்கிறது. பென்டியம் 4-இல் துளை தொளதொளவென்று இருக்கும். அங்கே ஊசிதான் எனக்குப் பிடித்தது.

கூடவே ஒரு பாதி பிளேடு, காலாவதியான ஒரு ஏடிஎம் அட்டை, ஒரு தையல் ஊசி, ஒரு பூதக்கண்ணாடி. சௌகார்பேட்டையில் பொற்கொல்லர் சாமான் விற்கும் கடைகளில் கண்ணில் பொருத்தும் லென்ஸ் கிடைக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸாக வாங்குங்கள். அங்கேயே மெல்லிய மூக்குச் சாமணமும் கிடைக்கும். ஆனால் அதைப் பின் மேல் போடாமல், தூசி எடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சாமணமோ குறடோ பின்னைக் கவ்வினால் பக்கவாட்டில் பல் பதியும். பல் பதிந்த இடத்தில்தான் அடுத்த தடவை உடையும்.

இதையெல்லாம் விட மதிப்பான பொருள் ஒரு செத்த மதர்போர்டு. மூர் மார்க்கெட் பக்கமும், வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் பழைய சாமான் எடுப்பவர்களிடமும் போர்டுகள் எடைக்குக் கிடைக்கும். ஓட வேண்டிய அவசியம் இல்லை, அதே வகைச் சாக்கெட் உடையாமல் இருந்தால் போதும். அதுதான் உங்கள் அச்சு. நல்ல போர்டில் சோதித்துச் சோதித்து அதன் சாக்கெட்டையும் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மேசையில் மெத்தென்ற துணி விரித்து, பிராசஸரைப் பின்கள் மேலே பார்க்க வையுங்கள். தெர்மாகோலில் குத்தி வைக்கும் பழக்கம் நம் ஊரில் அதிகம், அதை விட்டுவிடுங்கள். தெர்மாகோல் உரசினால் மின்னூட்டம் ஏறும். கறுப்பு நிறக் கடத்தும் ஸ்பாஞ்சு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அலுமினியத் தாள் சுற்றிய அட்டை. நம் கடற்கரை ஈரக்காற்றில் நிலைமின்சாரத் தொல்லை பெங்களூரை விடக் குறைவுதான். ஆனால் ஏசி அறையில் உட்கார்ந்தால் அந்தச் சலுகை கிடையாது. தொடுவதற்கு முன் எர்த் உள்ள ஏதாவது இரும்பைத் தொட்டுவிட்டு வாருங்கள்.

இப்போது படுத்த பின். அது அடுத்த பின்னின் மேல் சாய்ந்து கிடந்தால் ஊசி நேரடியாக ஏறாது. தையல் ஊசியின் முனையைப் படுத்த பின்னின் நுனிக்கு அடியில் விட்டு, பீங்கானின் மேல் ஊன்றாமல், நுனி மட்டும் ஒரு மில்லிமீட்டர் எழும்பும்படி நெம்புங்கள். பீங்கானில் ஊன்றினால் பீங்கான் துணுக்கு தெறிக்கும். நுனி எழும்பியதும் மழுக்கிய ஊசியை அந்தச் சாய்வின் திசையிலேயே ஏற்றுங்கள். நேராக மேலிருந்து குத்தக் கூடாது. ஊசியின் வாய் எங்கே நிற்கிறதோ அங்கேதான் பின் மடங்கும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. வளைவு பின்னின் நடுவில் இருந்தால் வாய் அந்த வளைவின் தொடக்கத்தில் நிற்கட்டும். வேரில் இருந்தால் வேரை முட்டும் வரை இறக்காமல் அரை மில்லிமீட்டர் விட்டு நிறுத்துங்கள். முட்டவிட்டால் முழு வளைவும் பற்றுக்கும் கம்பிக்கும் இடையிலுள்ள ஒரு கோட்டில் விழுந்து அங்கேயே கத்தரித்துவிடும்.

ஏற்றிய பிறகு ஊசியைப் பென்சில் பிடிப்பது போலப் பிடித்து, விரலின் அழுத்தத்தை மட்டும் கூட்டுங்கள். மணிக்கட்டை ஆட்டாதீர்கள். முதலில் பின் ஸ்பிரிங் போல எதிர்க்கும். பிறகு ஒரு கட்டத்தில் எதிர்ப்பு குறைந்து மெதுவாக நகர்வது விரலுக்குத் தெரியும். படுத்ததை ஒரே மூச்சில் செங்குத்தாக்க வேண்டாம். பாதி தூக்கி, ஊசியை எடுத்துவிட்டு லென்ஸில் வேரைப் பாருங்கள். தங்கத்தின் மேல் மயிரிழைக் கோடுகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அடியிலுள்ள நிக்கல் அடுக்கு வெடித்திருக்கிறது, அவ்வளவே. ஒரு பக்கத்தில் கறுப்பாக வாய் திறந்த பிளவு தெரிந்தால் அது உலோகத்துக்குள் போய்விட்ட வெடிப்பு. அந்தப் பின்னை அங்கேயே விட்டுவிட்டு மற்றவற்றை முடித்துக்கொண்டு வாருங்கள். பிளவு இல்லையென்றால் மீதி தூரத்தையும் அதே திசையில் கொண்டுவாருங்கள். ஸ்பிரிங் எதிர்ப்பினால் விட்டவுடன் கொஞ்சம் பின்வாங்கும். அதைக் கணக்கில் வைத்து ஒரு துளி அதிகமாகத் தள்ளலாம், இரண்டு துளி அல்ல. கடைசியில் ஐந்து டிகிரி குறைவாக நின்றால் அப்படியே விட்டுவிடுங்கள். சாக்கெட்டின் துளைவாய் அகன்றது, அது இழுத்துக்கொள்ளும். அதிகமாகப் போய்விட்ட பின்னைத் திருப்பிக் கொண்டுவருவதற்குப் பதிலாகக் குறைவாக நிற்கும் பின்னோடு வாழலாம்.

எதற்குப் பின் எது என்றால்: வெளி ஓரத்துப் பின்களில் தொடங்கி உள்ளே போங்கள். உள் பின்னை முதலில் எடுத்தால் ஊசியின் உடம்பு வெளிப் பின்னைத் தள்ளிவிடும். எஸ் வடிவத்தில் இரண்டு இடத்தில் வளைந்திருந்தால் வேர்ப் பக்கத்து வளைவை முதலில் சரிசெய்து, நுனி வளைவைப் பிறகு பாருங்கள். நுனி கொக்கி போல் மடங்கியிருந்தால் ஊசி ஏறாது. பிளேடின் தட்டையான பக்கத்தால் கொக்கியை விரித்துவிட்டு அப்புறம் ஊசி.

பென்டியம் 4-இல் ஒரு வரிசையே ஒரே பக்கம் சாய்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். ஹீட்சிங்கோடு பிய்ந்து வந்தால் அப்படித்தான் ஆகும். ஒவ்வொன்றாக ஊசி போட வேண்டாம். பின்களுக்கு இடையிலுள்ள சந்தின் அகலம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஏடிஎம் அட்டையின் கனம் 0.76 மி.மீ. ஆகவே அட்டை அந்தச் சந்தில் இறங்கும். சாயாத பக்கத்துச் சந்திலிருந்து தொடங்கி, அட்டையை நட்டமாகச் செருகி, வரிசை முழுவதையும் சேர்த்து மெல்ல அழுத்துங்கள். சுமை பல பின்களுக்குப் பகிர்ந்து போவதால் ஒரு பின்னின் வேருக்கும் ஆபத்து இல்லை. அட்டை இறங்காத அளவுக்கு நெருங்கிய இடத்தில் முதலில் பிளேடை விட்டு வழி செய்துகொண்டு பிறகு அட்டை. வரிசை நிமிர்ந்த பிறகு அதே அட்டையை ஒவ்வொரு சந்திலும் நெடுக்காகவும் குறுக்காகவும் ஓட்டிப் பாருங்கள். எங்காவது தட்டினால் அங்கே ஒரு பின் ஒதுங்கி நிற்கிறது என்று அர்த்தம். அதற்கு மட்டும் ஊசி.

கண்ணால் பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் எல்லாமே நேராகத்தான் தெரியும். பிராசஸரைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தை எதிரில் வைத்து, வரிசையின் ஓரத்திலிருந்து நோக்குங்கள். முதல் பின் மற்ற எல்லாவற்றையும் மறைக்க வேண்டும். ஒதுங்கியது மட்டும் தனியாக எட்டிப் பார்க்கும். ஒரு பக்கம் பார்த்த பிறகு 90 டிகிரி திருப்பி மறுபக்கம். பென்டியம் எம்எம்எக்ஸ், அத்லான் போன்று பின்கள் மாறி மாறி அமைந்த பிராசஸர்களில் மூலைவாட்டமாகவும் பார்க்க வேண்டும்.

பிறகு செத்த போர்டின் சாக்கெட். லீவரை முழுக்கத் தூக்கி, மூலைக்குறி பார்த்து, பிராசஸரை வைத்துக் கையை எடுத்துவிடுங்கள். நான்கு பக்கமும் சமமாக இறங்கினால் வெற்றி. ஒரு பக்கம் தூக்கி நின்றால் எடுத்து மறுபடி பாருங்கள். அழுத்தாதீர்கள். கட்டைவிரலால் அழுத்தும் அந்த ஒரு நொடியில்தான் நிமிர்ந்த பின் கீழே நாலாக மடங்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை. லீவர் இல்லாத பழைய சாக்கெட்டுகள் 386 காலத்திலும் 486-இன் தொடக்கத்திலும் இருந்தன. அவற்றில் அழுத்தித்தான் செருக வேண்டும். உங்கள் அப்பாவின் போர்டில் அந்த வகை இருந்தால், நிமிர்த்திய பிராசஸரை அதில் போடாமல் லீவர் உள்ள வேறு போர்டு தேடுங்கள். அந்த அழுத்தத்தை ஒரு தடவை வளைந்த பின் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. உங்கள் 486 பின்கள் ஒரே மூலையில் வளைந்திருப்பதைப் பார்த்தால், யாரோ ஸ்க்ரூடிரைவரை அந்த மூலையில் விட்டு நெம்பிக் கழற்றியிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. லீவர் இல்லாத சாக்கெட்டில் அப்படித்தான் கழற்றுவார்கள்.

இன்னொன்று நம் பக்கத்துக்கே உரியது. கோவாரில் பாதிக்கு மேல் இரும்பு. முலாம் முழுசாக இருக்கும் வரை கவலையில்லை. முலாம் சுரண்டப்பட்ட இடத்தில் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் காற்றுப் பட்டால் வளைவின் மேலேயே செம்பழுப்பாகத் துரு கட்டும். பரணில் பல வருடங்கள் கிடந்ததால் இதை முதலில் பாருங்கள். மேலோட்டமான துரு என்றால் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் வேரிலிருந்து நுனி நோக்கித் தேய்த்தால் போகும். மருந்துக் கடை ஸ்பிரிட்டில் சில சமயம் எண்ணெய்ப் பசை சேர்ந்திருக்கும், அது வேண்டாம். ரப்பர் வைத்துத் தேய்க்கும் வித்தை ரேம் அட்டைக்குத்தான், பின்னுக்கு அல்ல. துரு தின்று பின் இளைத்திருந்தால் நிமிர்த்தும்போது அநேகமாக அங்கேதான் உடையும், மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். 2015 வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயலிலோ தண்ணீரில் கிடந்து பிறகு எடைக்கு வந்த பிராசஸர் என்றால் பின்களின் வேரில் வண்டல் இறுகியிருக்கும். அதைக் கழுவாமல் நிமிர்த்தத் தொடங்க வேண்டாம்.

சரி, ஒன்று உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் எடைக்கு ஓடாதீர்கள். அது எந்தப் பின் என்று பாருங்கள். 486-இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பின்கள் மின்சாரம் கொடுக்கவும் தரை இணைப்புக்குமே இருக்கின்றன. பென்டியம் 4-இல் பாதிக்கு மேல். இவற்றில் ஒன்று போனால் மற்றவை சுமையைப் பகிர்ந்துகொள்ளும், பிராசஸர் பெரும்பாலும் ஓடும். தரவு அல்லது நினைவக முகவரி போகும் பின் உடைந்தால் ஓடாது, அல்லது ஓடுவது போல் ஓடிப் பாதியில் நிற்கும். பின் வரைபடம் தயாரிப்பாளரின் தரவுத்தாளில் உண்டு. 486-இல் ஒரு பக்கம் ஏ முதல் எஸ் வரை எழுத்து, ஐ, ஓ இரண்டும் கிடையாது. மறுபக்கம் 1 முதல் 17 வரை எண். வரைபடம் மேலிருந்து பார்த்து வரைந்ததா, பின் பக்கத்திலிருந்து பார்த்து வரைந்ததா என்று தலைப்பில் இருக்கும். அதைப் படிக்காமல் எண்ணினால் கண்ணாடிப் பிம்பமாகத் தப்பான பின்னைக் கண்டுபிடித்துக் குழம்புவீர்கள்.

வேண்டிய பின்தான் போயிருக்கிறது என்றால் இரண்டு வழி. வேரில் மொட்டையாக ஏதாவது மிஞ்சியிருந்தால் சாக்கெட்டின் அந்தத் துளையில் அதே தடிமனுள்ள கம்பித் துண்டை நட்டு, அதன் தலை மொட்டையைத் தொடும்படி பிராசஸரை உட்கார வைக்கலாம். வீட்டு லேன் கேபிளின் உள்கம்பி அரை மில்லிமீட்டர், 486-க்கு அது பொருந்தும். கம்பி ஒரு துளி நீண்டாலும் பிராசஸர் தூக்கி நிற்கும், குறைந்தால் தொடாது. அளந்து வெட்டி, வெட்டி அளந்துதான் கொண்டுவர வேண்டும். இது நிரந்தர வைத்தியம் அல்ல என்பார்கள், ஆனால் கழற்றாத வரை நன்றாகவே நிற்கிறது. மற்ற வழி, செத்த பிராசஸரிலிருந்து ஒரு பின்னை எடுத்து, மெல்லிய முனையுள்ள அயர்னாலும், சால்டர் ஒட்ட உதவும் பசையான ஃபிளக்ஸாலும் பற்றவைப்பது. பீங்கான் பிராசஸரில் அது நடக்கும், ஆனால் பீங்கான் அயர்னின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பென்டியம் 4-இல் 1.27 மி.மீ. இடைவெளியில் பக்கத்துப் பின்களின் சால்டரை இளக்காமல் செய்வது பழகிய கைக்கே கடினம். உங்களிடம் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்த பென்டியம் 4-ஐயாவது பிய்க்காமல் கழற்ற: 478-இல் ஹீட்சிங் உட்கார்ந்திருக்கும்போது லீவரைத் தூக்க இடமே கிடையாது. நடுவில் சூட்டைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து ஒட்டிவிட்டால் இரண்டும் சேர்ந்துதான் வரும். கணினியைச் சில நிமிடங்கள் ஓடவிட்டுச் சூடேற்றி, அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, கிளிப்பைக் கழற்றி, ஹீட்சிங்கை இடமும் வலமுமாகச் சிறிது திருகுங்கள். ஒட்டு விட்டது என்று தெரிந்த பிறகே மேலே எடுங்கள். ஏஎம்4 சாக்கெட் வரை ஏஎம்டி பிராசஸர் வைத்திருப்பவர்களுக்கும் இதே தொல்லைதான். ஏற்கனவே ஹீட்சிங்கில் ஒட்டிக்கொண்டு வந்ததைப் பிரிக்க ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். காசிமேட்டில் வலைச் சாமான் கடைகளில் கிடைக்கும் மெல்லிய தங்கூசி என்னும் நைலான் நரம்பை இரண்டுக்கும் நடுவில் விட்டு அறுப்பது போல இழுத்தால் பேஸ்ட் பிரிந்துவிடும்.

இன்டெல் 2004-இல் 775 சாக்கெட்டோடும், ஏஎம்டி 2022-இல் ஏஎம்5-ஓடும் பின்களைப் பிராசஸரிலிருந்து எடுத்துப் போர்டுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே இருப்பவை தளிர் போல மடங்கும் ஸ்பிரிங் தகடுகள். மேலே சொன்ன ஊசி வைத்தியம் எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது.

எடைக்குப் போடுவதைப் பற்றி. பழைய பீங்கான் பிராசஸர்களில் தங்கம் இருப்பது உண்மை, கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் தங்கத்தைப் பிரிப்பது அமிலத்தில் நடக்கும் வேலை, ஒற்றைப் பிராசஸருக்கு உங்கள் கைக்கு வருவது சொற்பம். கோணியில் கொட்டி எடை போடும் அந்தப் பயணத்தில்தான் நல்ல பிராசஸர்களின் பின்களும் வளைகின்றன. 1992-இல் வந்த டிஎக்ஸ்2-66 ஓடும் நிலையில் இருந்தால் அதைத் தேடிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பென்டியம் 4-க்கு அந்த மதிப்பு கிடையாது. அதில் அரைநாள் செலவிடுவது கைப்பழக்கத்துக்காக மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

486-ஐ நல்ல போர்டில் போடும்போது திசையில் கவனம். 168 பின்களும் நான்கு பக்கமும் சமமாக இருப்பதால், தப்பான திசையைத் தடுக்கும் கூடுதல் பின் இல்லாத பிராசஸர் நான்கு திசையிலும் சாக்கெட்டில் இறங்கிவிடும். மூன்று திசை தப்பு, தப்பான திசையில் மின்சாரம் கொடுத்தால் புகைந்துவிடும். வெட்டுப்பட்ட மூலையும் சாக்கெட்டின் குறியும் ஒன்றாக இருக்க வேண்டும். வெளியே ஒரு வரிசை கூடுதலாக உள்ள 237 துளைச் சாக்கெட் என்றால் அந்த வெளிவரிசை நாலாபுறமும் காலியாக இருக்கும்படி நடுவில் உட்காரட்டும். இன்டெல் டிஎக்ஸ்2-66 வேலை செய்வது 5 வோல்ட்டில். அந்தப் போர்டில் முன்பு பிந்தைய 486 வகையான டிஎக்ஸ்4 இருந்திருந்தால், வோல்ட்டைத் தேர்ந்தெடுக்கும் சின்ன இணைப்புக் குமிழான ஜம்பர் 3.3 வோல்ட்டுக்கு மாற்றப்பட்டிருக்கும், திருப்பி வையுங்கள்.

போர்டில் பீப்பாய் வடிவ நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒட்டியிருந்தால் மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே வெட்டி எடுத்துவிடுங்கள். அது கசிந்து பச்சை பூத்திருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, சுத்தமான தண்ணீர், பிறகு ஆல்கஹால் என்று கழுவிக் காயவைக்க வேண்டும். இப்படிப்பட்ட போர்டு ஓடாவிட்டால் பழியை நீங்கள் நிமிர்த்திய பின்களின் மேல் போடாதீர்கள், பேட்டரி தின்ற செம்புக் கோடுகளை முதலில் சோதியுங்கள். பவர் சப்ளையிலிருந்து வரும் இரண்டு நீளமான இணைப்பிகளை இடம் மாற்றியும் செருக முடியும், மாறினால் போர்டு போய்விடும். இரண்டின் கறுப்பு ஒயர்களும் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் வந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு ஸ்விட்சைப் போடுங்கள்.